டிராலி ஜாக் (காரைத் தூக்கும், சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்) வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கே: என் கார் 1,200 கிலோ. 2 டன் டிராலி ஜாக் வாங்க நினைத்தேன். கடைக்காரர் 3 டன்தான் பாதுகாப்பு என்கிறார். எதை வாங்கட்டும்?

ப: எடைக்கு 2 டன் தாராளம். ஜாக் முழுக் காரையும் தூக்குவதில்லை. முன்சக்கரம் இழுக்கும் காரில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னால் இருக்கும். முன்பக்கம் மொத்தத்தையும் தூக்கினாலும் ஜாக்கின் மேல் 700 கிலோ சொச்சம்தான் விழும்.

பெட்டியில் டன்னைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, வாங்குபவருக்கு உண்மையில் வேண்டிய இரண்டு எண்களைப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிறார்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. அந்த எண்கள் குறைந்தபட்ச உயரமும் அதிகபட்ச உயரமும். சாதாரண ஜாக் முழுக்க இறங்கியிருக்கும்போது 130, 140 மி.மீ. உயரம் இருக்கும், தாழ்வான காருக்கு அடியில் நுழையாது. லோ புரொஃபைல் என்று விற்பவை 75 முதல் 90 மி.மீ. வரை. டேப்பை எடுத்து, ஜாக் வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். டயரில் காற்று இறங்கினால் இடைவெளி இன்னும் சுருங்கும், அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

அதிகபட்ச உயரத்தை ஜாக் ஸ்டாண்டோடு (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) சேர்த்துக் கணக்கிட வேண்டும். பல ஸ்டாண்டுகளின் மிகத் தாழ்ந்த நிலையே 270 மி.மீ.க்கு மேல். அது உள்ளே நுழைய, ஸ்டாண்ட் தாங்கப் போகும் இடம் அதைவிட 3, 4 செ.மீ. கூடுதலாக எழ வேண்டும். சிறிய 2 டன் ஜாக்குகள் பல 350 மி.மீ.க்குள் நின்றுவிடும். 3 டன் ஜாக்கில் கிடைக்கும் உண்மையான லாபம் அதிக உயரமும், நீளமான, அகலமான அடிச்சட்டமும்தான். பதிலுக்கு 30 கிலோவுக்கு மேல் இரும்பை இழுத்துத் திரிய வேண்டும். இடமும் தெம்பும் இருந்தால் 3 டன் வாங்குங்கள், டன்னுக்காக வேண்டாம்.

கே: எஸ்யூவியை முழு உயரத்துக்கும் தூக்கிவிட்டேன், சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. ஜாக்கின் மேல் மரக்கட்டை வைத்துத் தூக்கலாமா?

ப: வேண்டாம். முதலில் வண்டியை இறக்குங்கள். பாடி உயர உயர சஸ்பென்ஷன் விரிந்து சக்கரம் கீழேயே தொங்கும், அதனால்தான் எழவில்லை. தலைத்தட்டின் (காரைத் தொடும் ஜாக்கின் மேல்தட்டு) மேல் வைக்கும் கட்டை நழுவும், பிளக்கும். அதிகம் எழும் ஜாக்தான் தீர்வு.

கே: இணையத்தில் வாங்கிய ஜாக், இரண்டாம் நாளே தானாக இறங்குகிறது. அடியில் எண்ணெய்க் கசிவு. விற்றவர் "ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார்.

ப: உங்கள் மேல் தவறே இல்லை, விடாதீர்கள். ஆயிலும் ஊற்றாதீர்கள், ஊற்றினால் "நீங்கள்தான் பிரித்துக் கெடுத்தீர்கள்" என்று நாளைக்குச் சொல்வார்கள். துணியால் நன்றாகத் துடைத்து, கசிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஊற்றுத் துளையின் ரப்பர் மூடியருகே மட்டும் ஈரம் என்றால், பெட்டி சாய்ந்து வந்ததால் இருக்கலாம். பிஸ்டன் தண்டைச் சுற்றி எண்ணெய் என்றால் சீல் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்) போய்விட்டது. அடுத்து, ரிலீஸ் வால்வை (ஜாக்கை இறக்கத் திறக்கும் வால்வு) இறுக மூடி, காரின் ஒரு மூலையைத் தூக்கி, அரை அங்குலம் கீழே ஸ்டாண்ட் நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் விடுங்கள். கார் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டால் ஜாக் பழுது. இதை வீடியோ எடுத்து, பில்லோடு சேர்த்து, மாற்று ஜாக்கோ முழுப் பணமோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் மட்டும் பேசிவிட்டு இருக்காதீர்கள்.

கே: ஜாக்கில் ஆயில் குறைந்தது. கையில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றினேன். இப்போது தூக்கவே மாட்டேன் என்கிறது.

ப: கையேட்டில் ஒரு பக்கம் படித்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. பிரேக் ஆயில் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, ஜாக்கின் சீல்கள் மினரல் ஆயிலுக்கானவை, ஊறிப் பொருமிவிடும். முழுவதும் வடித்து, சீல் கிட் மாற்றி, ஹைட்ராலிக் ஜாக் ஆயில் ஊற்ற வேண்டும். ஜாக்கின் தூக்கும் கை முழுக்க இறங்கிய நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். பிறகு ரிலீஸ் வால்வைத் திறந்து, பாரமில்லாமல் பத்துப் பதினைந்து முறை பம்ப் செய்தால் காற்று வெளியேறும். அளவுக்கு மேல் பாரம் ஏறாமல் தடுக்கும் ஓவர்லோடு வால்வின் ஸ்குருவை மட்டும் தொடவே கூடாது.

இதனால்தான் வாங்கும் முன்பே "சீல் கிட் கிடைக்குமா?" என்று கேட்கச் சொல்கிறேன். நான் வாங்கிய ஒரு ஜாக்குக்குத் தயாரித்தவர்களே கைவிரித்துவிட்டார்கள்.

கே: மண் தரையில் பயன்படுத்தலாமா?

ப: கூடாது. தூக்கும்போது தலைத்தட்டு வளைவாக நகரும், அதற்கு ஈடாக ஜாக் உருண்டாக வேண்டும். ஜாக்கின் சக்கரம் மண்ணில் புதைந்தால் தலைத்தட்டு நழுவும்.

கே: அலுமினியம் ஜாக் நல்லதா?

ப: அடிக்கடி தூக்கிச் செல்பவருக்கு மட்டும்.

கே: ஆயில் மாற்றப் பத்து நிமிடம் காருக்கு அடியில் படுக்க வேண்டும். நல்ல ஜாக் இருக்கும்போது ஸ்டாண்ட் தேவையா?

ப: தேவை, ஒரு நிமிட வேலைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கையும் தாங்கி நிற்பது ஒரு சீலும் சிறு வால்வுக் குண்டும்தான். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சம்ப் (இன்ஜின் ஆயில் தொட்டி), கியர்பாக்ஸ் அடியில் ஜாக் வைக்காதீர்கள். கையேடு காட்டும் இடத்தில் மட்டும். பக்கவாட்டு விளிம்பில் ஜாக் வைத்தால் அதே இடத்தில் ஸ்டாண்ட் வைக்க முடியாது. அதனால் நடுக் குறுக்குச் சட்டத்தைக் கையேடு அனுமதித்தால் அங்கே தூக்கி, பக்கவாட்டுப் புள்ளிகளில் இரண்டு ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. உயரத்தை நிறுத்தும் பற்களில் பூட்டு சரியாகப் பிடிக்காமல், பாரத்தோடு இறங்கிவிடக்கூடும் என்பதே காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை தெரியவந்தது. கடையிலேயே பற்களையும் வெல்டிங்கையும் பாருங்கள். பூட்டோடு குறுக்கே பின்னும் செருகும் வகை இருந்தால் அதையே எடுங்கள். காரை ஸ்டாண்டில் இறக்கியதும், அடியில் போகும் முன், பக்கத்தில் நின்று கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஜாக்கையும் உருவிவிடாமல், லேசாக முட்டக்கொடுத்து அங்கேயே விட்டுவையுங்கள்.