பிறந்த நேரம் கொடுத்தால் குணம் தெரியுமா?

கேள்வி: பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கொடுத்துக் குணபலன் கணித்து வாங்கினேன். "வெளியே திடமாகத் தெரிவீர்கள், உள்ளுக்குள் கவலைப்படுவீர்கள். பிறருக்காக உழைத்தும் பாராட்டுக் கிடைக்காது" என்று இருந்தது. எழுத்துக்கு எழுத்து நானேதான்! முன்பின் தெரியாதவர் இதை எப்படிச் சொன்னார்?

- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த இரண்டு வரிகளும் எனக்கும் பொருந்துகின்றன, அம்மா. உங்கள் அடுத்த வீட்டுக்காரரிடம் படித்துக்காட்டுங்கள், அவரும் தலையாட்டுவார்.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்குக் குணநலத் தேர்வு ஒன்று வைத்தார். ஒரு வாரம் கழித்து அவரவர் பெயரிட்ட தாளில் முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லார் தாளிலும் இருந்தவை ஒரே 13 வாக்கியங்கள். சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை. "சில நேரம் கலகலப்பாகப் பழகுவீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள்" என்பது அவற்றில் ஒன்று. இரண்டையும் சொல்லிவிட்டால் தப்பிப்பவர் யார்? படித்தவுடன் நீங்கள் சிரித்துப் பேசிய கல்யாண வீடு நினைவுக்கு வருகிறது. யாரோடும் பேசப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்ட மாலையும் வருகிறது. ஆதாரம் முழுவதும் உங்களுடையது. புகழ் போய்ச் சேர்வதோ எழுதியவருக்கு.

'நேரம்கூடக் கேட்டாரே' என்பீர்கள். நம்பிக்கை வலுப்படுவதே அங்கேதான். 1974-இல் ஸ்னைடர் என்ற ஆய்வாளர் ஒரே குணபலனை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார். பொதுவானது என்று சொல்லப்பட்டவர்கள் அதற்கு 5-க்கு 3.24 கொடுத்தார்கள். பிறந்த ஆண்டும் மாதமும் சொன்னவர்கள் 3.76. நாளையும் சேர்த்துச் சொன்னவர்கள் 4.38. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நாம் கொடுக்கும் விவரம் கூடக்கூட, வருவது நமக்கென்றே எழுதியது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

பிரான்சில் மிஷேல் கோகலான் என்ற உளவியலாளர் செய்தது இன்னும் கடுமை. இலவச ஜாதகபலன் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பலனை அனுப்பினார். பதில் எழுதியவர்களில் 94 விழுக்காட்டினர் 'என்னை அப்படியே சொல்கிறது' என்றார்கள். அது, பலரைக் கொன்று 1946-இல் தலை வெட்டப்பட்ட பாரீஸ் மருத்துவர் மார்செல் பெத்தியோவின் ஜாதகத்துக்குக் கணித்த பலன்!

உங்களுக்குக் கிடைத்த ஆறுதலைப் பறிக்க நான் இதை எழுதவில்லை. 'என் குணத்தை நட்சத்திரம் சரியாகச் சொன்னது' என்று இன்று ஒப்புக்கொள்கிறவர், நாளை மருமகள் தேடும்போது 'பெண் மூலம் நிர்மூலம்' என்பதையும் ஒப்புக்கொள்வார். முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு பெண்ணைத் தள்ளிவிடுவார். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது! எனக்குப் பொறுக்காதது அதுதான்.

ஒன்று செய்யுங்கள். 27 நட்சத்திரங்களின் குணபலனையும் பெயர் நீக்கித் தனித்தனித் தாளில் எழுதிக் கலக்கித் தரும்படி வீட்டில் யாரையாவது கேளுங்கள். பொருந்துகிறவற்றையெல்லாம் எடுத்துவையுங்கள். எத்தனை தாள் சேர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள்.