துப்பாக்கிப் பாகத்தின் சட்ட விளக்கம் மாறினால், வைத்திருப்பவருக்கு என்ன ஆகும்?

அமெரிக்காவின் ‘பம்ப் ஸ்டாக்’ கதையைப் பார்த்தாலே புரியும். துப்பாக்கியின் தோள்கட்டைக்குப் பதிலாக மாட்டும் பாகம் அது. சுட்ட உதைப்பில் துப்பாக்கி முன்னும் பின்னும் ஓட, அசையாத விரலில் விசை (ட்ரிகர்) மோதிக்கொண்டே இருக்கும், குண்டுகளும் அடுத்தடுத்துப் பாயும்.

விசையின் ஒரே இயக்கத்தில் பல குண்டுகள் பாய்ந்தால்தான் சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி. பம்ப் ஸ்டாக் அதில் சேராது என்று சொல்லிவந்த அரசு, அது பயன்பட்ட 2017 லாஸ் வேகாஸ் படுகொலைக்குப் பின் சேரும் என்றது. முறையாக வாங்கியவர்களும் 2019 மார்ச்சுக்குள் அழிக்கவோ ஒப்படைக்கவோ வேண்டியிருந்தது. இல்லையென்றால் சிறைவரை போகும் நிலை.

விடுதியில் அடுப்பு கூடாது, சரி. திடீரென்று வார்டன் ‘கெட்டிலும் அடுப்புதான்’ என்றால்? கெட்டில் அப்படியேதான் இருக்கிறது, மாட்டிக்கொள்வது நீங்கள்.

2024-இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ரத்து செய்தது. இதை ஆயுத உரிமைத் தீர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நீதிமன்றம் பார்த்தது சட்டத்தின் சொற்களை மட்டுமே, பல மாநிலங்களின் சொந்தத் தடை அப்படியே இருக்கிறது.