துப்பாக்கி மினுங்கினால் சந்தேகப்படுங்கள்

பழம்பொருள் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஜூரோங் ஃபிட்டர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அண்ணே, என் அத்தான் பென்சில்வேனியாவில் இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிய பிறகு அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்கிறார்களாம். ‘பார்க்கர் பிரதர்ஸ்’ என்று பொறித்திருக்கிறது. நூறு வயது இருக்கும் என்கிறார்கள், ஆனால் புதுசு மாதிரி பளபளக்கிறது. வாட்ஸ்அப்பில் ஐந்து படம் வந்தது. வாங்கச் சொல்லலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, அந்த ‘புதுசு மாதிரி’தான் எனக்கு உறுத்துகிறது.

1980களில் கம்பெனி என்னை இரண்டு வருடம் நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸுக்கு அனுப்பி வைத்தது. எல்.சி. ஸ்மித், லெஃபீவர் துப்பாக்கிகள் பிறந்த ஊர் அது. பட்டறையில் என்னோடு வேலை செய்த ஒருவர் பளபளவென்று ஒரு ஸ்மித் வாங்கி வந்து, அந்த ஊரில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஒரு கிழவரிடம் காட்டினார். துணைக்கு நானும் போயிருந்தேன். கிழவர் குழலைப் பார்க்கவில்லை, செதுக்கல் வேலையைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த திருகுகளை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் எந்தப் பழைய பொருளைக் கையில் எடுத்தாலும் என் கண் முதலில் திருகுக்குத்தான் போகும்.

காரணம் இருக்கிறது. நல்ல துப்பாக்கிகளின் திருகுத் தலையில் வெட்டு மெல்லிசாக இருக்கும். கடைசிவரை முடுக்கினால் வெட்டுகள் எல்லாம் குழல் போகும் திசையிலேயே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் கையால் அராவி அப்படி நிற்க வைத்திருப்பார்கள். வீட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து எவனாவது குடைந்திருந்தால் வெட்டின் ஓரம் கடித்துத் துப்பினது போல இருக்கும். உள்ளே கை வைத்தவன் அதோடு நின்றிருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்தது நிறம். அந்தக் காலத்தில் துப்பாக்கியின் நடு உடம்பை எலும்புக்கரியோடு பெட்டியில் வைத்துச் சூடேற்றித் தண்ணீரில் இறக்குவார்கள். மேல்தோல் கெட்டிப்படும், கூடவே நீலமும் பழுப்புமாக மேகம் போல நிறம் படியும். கை படப்பட அது மங்கிச் சாம்பலாகிவிடும். ஆனால் துப்பாக்கியைத் திறக்கும் நெம்பின் அடியிலும், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் தெரியும் உள்பக்கத்திலும் மிச்சம் இருக்கும். வெளியே மங்கல், மறைவில் பளிச் என்றால் இயல்பு. வெளியே பளிச் என்றிருந்து, கை வழுக்காமல் இருக்க மரத்தில் போட்டிருக்கும் சதுரக் கீறல்கள் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், யாரோ மறுபடி நிறம் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். செதுக்கல் கோடுகளின் ஓரம் உருண்டு மழுங்கியிருக்கிறது. அது பாலிஷ் சக்கரத்தின் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

(இதில் நானும் யோக்கியன் இல்லை. தாத்தாவின் பித்தளைச் செம்பை பிராஸோ போட்டுத் தேய்த்து, அடியில் இருந்த பெயரையே அழித்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.)

சரி, இனி அத்தான் நேரில் செய்ய வேண்டியது. முதல் வேலை, திறந்து இரண்டு குழலும் காலியா என்று பார்ப்பது. அப்புறம் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் பின்கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டச் சொல்லுங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் ஆட்டம் மறைந்துபோகும். கழற்றிய பிறகு கடகடவென்றால் கீல் தேய்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒளி தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூடியபின் மேல்நெம்பு நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் நின்றால் நல்லது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் நிறைய உழைத்த துப்பாக்கி.

பிறகு குழல்களைத் தனியே எடுத்து, அடியில் உள்ள கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, மரத்துண்டால் தட்ட வேண்டும். கோயில் மணி போல் நீண்டு ஒலித்தால், இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையின் ஈயப்பற்று உறுதியாக இருக்கிறது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விட்டிருக்கிறது. குழலுக்குள் கண் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் கோணினால் அந்த இடத்தில் நசுங்கல்.

வாய்ப்பக்கத்தில் இரண்டு குழலும் ஒன்றையொன்று தொட்டிருக்கிறதா பாருங்கள். நடுவில் இடைவெளி விழுந்து அதை ஈயமோ தகடோ வைத்து அடைத்திருந்தால் அநேகமாகப் பின்னாளில் நீளம் குறைத்து வெட்டிய குழல். நீளமும் அளக்கட்டும். 26, 28, 30, 32 அங்குலம் வழக்கமானவை, 27¼ என்று வந்தால் கேள்வி கேட்க வேண்டும். குழல், உடம்பு, முன்கட்டை மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்தால், பழைய பதிவேடு மிஞ்சியிருக்கும் துப்பாக்கிகளுக்கு பார்க்கர் கன் கலெக்டர்ஸ் அசோசியேஷன் கடிதம் தருகிறது. எந்த ரகம், என்ன நீளம் என்று அதில் இருக்கும். ‘வி.எச்.’ என்ற சாதாரண ரகத் துப்பாக்கியில் பின்னாளில் செதுக்கல் ஏற்றிப் பெரிய ரகம் என்று விற்பவர்கள் உண்டு. கடிதம் இருந்தால் அந்த வேலை பலிக்காது.

இதெல்லாம் தேறினாலும், அந்த ஊர்த் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் குழலின் சுவர்க்கனத்தை அளக்காமல் சுடக்கூடாது. அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அது அலமாரிக்குத்தான்.

கேள்வி: பார்க்கரைத் தவிர வேறு எந்தப் பெயருக்கு மதிப்பு? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் செய்த பார்க்கரை 1934இல் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி வாங்கியது. ஃபிலடெல்பியாவின் ஏ.எச். ஃபாக்ஸ் இன்னொரு பெரிய பெயர். 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு ஒரு ஃபாக்ஸைத்தான் கொண்டுபோனார். வின்செஸ்டர் மாடல் 21 1930களின் சரக்கு, உறுதியில் அதை மிஞ்ச முடியாது, ஆனால் எனக்கு அதன் உடம்பு கொஞ்சம் தடியாகத் தெரியும். எல்.சி. ஸ்மித்தின் அழகு, விசைப்பொறியைத் தாங்கும் அதன் பக்கத்தகடுகளில் இருக்கிறது, வியாதியும் அங்கேதான். தகட்டுக்கு இடம் கொடுக்க மரத்தை உள்ளே குடைந்துவிடுவதால், தகட்டின் பின்முனையில் மயிரிழை போல் விரிசல் ஓடும். எண்ணெய் ஊறிக் கறுத்த மரமாக இருந்தால் இன்னும் மோசம்.

கேள்வி: குழலில் பாம்புத்தோல் போலக் கோலம் இருந்தால் விலை கூடுமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அது டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, கம்பியில் சுற்றி, நெருப்பில் அடித்து ஒட்டியது. அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் பெல்ஜியத்தின் லியேஜ் பக்கத்திலிருந்து வரவழைத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. மலிவுத் துப்பாக்கிகளில் அதே கோலத்தை வெறும் மேல்பூச்சாக ஏற்றியதும் உண்டு, தேய்ந்த இடத்தில் சாயம் வெளுத்துவிடும். அசலாகவே இருந்தாலும், கரிமருந்துக் காலத்தில் செய்த அந்தக் குழலில் இன்றைய கடைத்தோட்டாவைப் போடக்கூடாது. ஒட்டுக்குள் துரு ஏறியிருந்தால் வெளியே தெரியாது.

கேள்வி: வாங்கிய பிறகு இங்கே கொண்டுவந்து ஹாலில் மாட்டலாமா? (மறுபடியும் ஈசூன் வாசகர்)

பதில்: வேண்டாம், தம்பி. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிங்கப்பூரில் 5 முதல் 10 ஆண்டு சிறை, பிரம்படி ஆறுக்குக் குறையாது. நூறு வயதுத் துப்பாக்கி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது பென்சில்வேனியாவிலேயே இருக்கட்டும். அத்தானிடம் சொல்லி, அடிப்பக்கத் திருகுகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில்.