கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பின் வரை ஒரே மருத்துவச்சி கவனித்தால் என்ன பயன்?

உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் பிரசவ வலியின்போது பக்கத்தில் இருப்பார். எனக்கு இதுதான் பெரிய பயனாகப் படுகிறது.

முதல் பரிசோதனையிலிருந்து குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை, முறையாகப் பயிற்சி பெற்ற ஒரே மருத்துவச்சியோ ஒரு சிறு குழுவோ கவனிப்பார்கள். ஓர் உதாரணம்: எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் 130/85. புதிதாகப் பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஆரம்பத்தில் 100/60 இருந்ததைப் பார்த்தவர், அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறதோ என்று, "தலைவலி இருக்கிறதா? கண் மங்குகிறதா?" என உடனே கேட்பார்.

17 ஆய்வுகளை, அதாவது 18,533 பெண்களின் தரவை, தொகுத்த 2024 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அறிக்கையின்படி, இந்த முறையில் சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் (இடுக்கி போன்ற கருவி வைத்துக் குழந்தையை எடுப்பது) சற்றுக் குறைகின்றன.

அப்புறம், பலரும் மறந்துவிடும் பகுதி பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள். முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகும் ஆறு வாரத்துக்குள் குறைந்தது மூன்று முறை தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்புக்காம்பு வெடித்து வலிக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்பதையெல்லாம் புது முகத்திடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். பழகியவரிடம் தானாகவே வாய் திறக்கும்.

சரி, டாக்டர் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். இரட்டைக் குழந்தைகள், இதய நோய், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது போன்ற நிலைகளில் டாக்டர்தான் முன்னின்று பார்ப்பார். அப்போதும் அதே மருத்துவச்சி கூடவே இருக்கலாம்.