தகவல் கேட்க 2,500 ரூபாவா?

வலிகாமம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஒழுங்கைக்குத் தார் போட்ட கணக்கைப் பிரதேச சபையிடம் கேட்கப் போகிறேன். 30 பக்கமளவில் வருமாம். படிவம், பதிவு, பிரதி எல்லாம் சேர்த்து 2,500 ரூபா தந்தால் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். இவ்வளவு முடியுமா?"

ஐயா, அந்தக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க ஒரு சதமும் இல்லை. படிவம்கூடக் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிச் சபையின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

பிரதிக்குத்தான் காசு. 2017 வர்த்தமானி விதிப்படி ஏ4 தாளில் ஒரு பக்கப் போட்டோப் பிரதி 2 ரூபா, முதல் நான்கு பக்கம் இலவசம். உங்கள் 30 பக்கத்துக்கு 52 ரூபா! மின்னஞ்சலில் கேட்டால் அதுவும் இல்லை. நேரில் போய்க் கோப்பைப் பார்ப்பதானால் முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், அதற்குமேல் மணிக்கு 50 ரூபா. தகவல் தரத் தீர்மானித்த பிறகே அலுவலகம் கட்டணம் கேட்கும். முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இந்தக் கட்டண விபரத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒட்டியிருந்தால் தரகருக்கு என்ன பிழைப்பு?

ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள், இதில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். வேறு சட்டத்திலோ சுற்றறிக்கையிலோ ஒரு ஆவணத்துக்கு ஏற்கெனவே கட்டணம் வைத்திருந்தால் அந்தக் கட்டணமே செல்லும். காணிப் பதிவகத்தில் உறுதிப் பிரதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை 2 ரூபாக் கணக்கில் கேட்க முடியாது. "தகவல் சட்டத்தில் உறுதியை மலிவாக எடுத்துத் தருகிறேன்" என்பவர் உங்களை ஏமாற்றுகிறார். அதற்குப் பதிவகத்துக்கே போய், உரிய கட்டணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உங்கள் தார் கணக்கு இதற்குள் வராது.

14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். "ஐயா லீவு, அடுத்த கிழமை வாங்கோ" என்பது பதில் ஆகாது. மறுத்தாலோ, பேசாமல் இருந்தாலோ, கூடக் காசு கேட்டாலோ 14 நாளுக்குள் அதே சபையில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தபாலில் அனுப்பினால் போதும்.