தண்ணீர் மேசையில் நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 47. சென்னையில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் மகன் உறுப்பினராக உள்ள ஓட்டக் குழு, வரும் ஜனவரியில் நடத்தவிருக்கும் 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு என்னைத் தன்னார்வலராக அழைக்கிறது. நான் ஓடியதே இல்லை. அதே குழுவின் சிறுவர் பயிற்சி முகாமுக்கும் மலைநடைப் பயணத்துக்கும்கூட ஆள் தேவை என்கிறார்கள். இவற்றில் எதை ஏற்பது? யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது? உதவப் போய் ஏதேனும் தவறாகிவிட்டால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமா?

பதில்: ஓடத் தெரியாது என்பதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் கட்டணமின்றி நடக்கும் ‘பார்க்ரன்’ என்ற 5 கிலோமீட்டர் ஓட்டம், காயத்தால் ஓட முடியாமல் போன ஒருவரால்தான் தொடங்கியது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் தம் நண்பர்களை ஓடச் சொல்லி, தாம் நேரம் குறித்துக்கொண்டார். அன்று ஓடியவர்கள் 13 பேர். முடித்த வரிசையைக் காட்டும் வில்லைகளாக இரும்புக் கடை வாஷர்கள் பயன்பட்டன. ஓடுபவருக்குத் தம் உடலைக் கவனிப்பதே பெரும்பாடு. சுற்றிலும் பார்க்கும் கண்கள் ஓரத்தில் நிற்பவரிடம்தான் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட மூன்றில், முதல் முறைக்கு ஓட்டத்தையே, அதிலும் வழியில் ஓடுபவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேசையை ஏற்கும்படி பரிந்துரைக்கிறேன். ஓட்டப் போட்டிகளின் மருத்துவ ஏற்பாடுகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில், அங்கு நடக்கும் பிழைகளையும் நான் அறிவேன். மேசைக்கு வருபவரிடம் “இன்னும் ஒரு டம்ளர் குடியுங்கள்” என்று வற்புறுத்துவது அவற்றில் முதலாவது. நம் வீட்டு வாசலில் அது உபசாரம். நீண்ட ஓட்டத்தில் சில வேளை ஆபத்து. வியர்வையில் இழந்ததைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியத்தின் அடர்வு குறைந்து, மூளையில் வீக்கம் ஏற்படலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அவர்களுள் அதிகம். 21 கிலோமீட்டரில் இந்த அபாயம் குறைவுதான் என்றாலும், மெதுவாக நடந்து ஓடி, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று கோப்பைகளைக் காலி செய்துவிட்டு வருபவரிடம் அதை மறக்கக் கூடாது. தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுதல், பேச்சில் குழப்பம் ஆகியவை தெரிந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் குழுவை அழையுங்கள். மற்றவர்களுக்கு ஒரே விதி போதும்: தாகத்துக்கு ஏற்பக் குடிக்கட்டும், கோப்பை பாதியளவு நிரம்பியிருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன் மேல் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதுமாகக் கரையுங்கள்; தண்ணீரைக் கண்ணளவாக ஊற்றிக் கரைக்கும் பழக்கம் சமையலுக்குச் சரி, இதற்குச் சரிப்படாது.

மயங்கி விழுபவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவர் எங்கே விழுந்தார் என்று பாருங்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியவுடன் சட்டென்று நின்று தலைசுற்றி விழுபவருக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்: ஓடும்வரை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசைகள் ஓய்ந்ததும் இரத்தம் கால்களில் தேங்கிவிடுகிறது. அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். முடித்தவர்களை நிற்கவிடாமல் மெல்ல நடந்துகொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் வழியிலேயே, இன்னும் ஓட வேண்டிய தொலைவு இருக்கும்போது விழுபவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருக்கு வெப்பத்தாக்கம் அல்லது இதயக் கோளாறு இருக்கக்கூடும் என்று எண்ணியே செயல்பட வேண்டும்.

ஜனவரியில் வெப்பத்தாக்கமா என்று வியக்க வேண்டாம். சென்னையில் விடியற்காலையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. உழைப்பால் வரும் வெப்பத்தாக்கத்தில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும்; கூடவே நடை தள்ளாடும், பேச்சு உளறும், காரணமின்றிக் கோபம்கூட வரும். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஓடுபவரின் தோல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். ஒருமுறை, தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாத ஓர் இளைஞரை, வியர்க்கிறதே என்ற ஒரே காரணத்தால் நிழலில் உட்காரவைத்துவிட்டுத் தன்னார்வலர்கள் அடுத்த ஓட்டக்காரரைக் கவனிக்கப் போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக, அவ்வழியே வந்த செவிலியர் ஒருவர் அவரைக் கவனித்தார்.

இந்நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மவுத் நகரில் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் 11.3 கிலோமீட்டர் ஓட்டத்தில், 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இத்தகைய வெப்பத்தாக்கம் வந்தது. அவர்களைக் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கியதால் அனைவரும் பிழைத்தார்கள். தொட்டி இல்லாத இடத்தில் ஒரு தார்ப்பாயின் நடுவில் அவரைக் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் கலந்த தண்ணீரை ஊற்றி அலசலாம். தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். அதுவும் இயலாதபோது, ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடல் முழுவதும் போர்த்தி அடிக்கடி மாற்றுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்குவதுதான் முக்கியம். பாராசிட்டமால் இங்கே பயன்படாது, கொடுக்க வேண்டாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டவும் கூடாது.

அழைத்தும் அசைவில்லாமல், இயல்பான மூச்சும் இல்லாமல் கிடந்தால் அது இதயநிறுத்தம். 108க்கு அழைக்க ஒருவரையும், ஏ.இ.டி. கருவி (நின்றுபோன இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் கருவி) இருந்தால் எடுத்துவர இன்னொருவரையும் பெயர் சொல்லி ஏவிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். திணறித் திணறி வரும் மூச்சைக் கண்டு உயிர்மூச்சு என்று ஏமாற வேண்டாம். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. ஒரு பொம்மையின் மேல் அரை நாள் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, சாலை விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஓடுபவர்மீது வாகனம் மோதினால் இது உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அந்தப் பிரிவு சாலை விபத்துக்கு மட்டுமே உரியது என்பதால், மற்ற நேரங்களில் பயின்றதை மட்டும் செய்வதும், குழுவின் காப்பீட்டில் தன்னார்வலர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவதுமே உங்களுக்குத் துணை.

சிறுவர் முகாமில் பணியாற்ற ஆசிரியை என்ற முறையில் நீங்கள் மிகவும் தகுதியானவர். ஆயினும், முகாமை நடத்துபவர்களின் ஒழுங்கைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் தனித்திருக்க நேராதபடி எப்போதும் இருவர் உடனிருக்கிறார்களா, பயிற்சியாளர்கள் குழந்தைகளுடன் தனியாகக் கைபேசிச் செய்தி பரிமாறிக்கொள்வதற்குத் தடை உண்டா என்று கேளுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்; குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098.

மலைநடையை இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்வேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்தனர். அதன் பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. 2024இல் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில், குறிப்பிட்ட பாதைகளில் வனத்துறையின் வழிகாட்டியுடன் செல்லலாம். உங்கள் குழு அனுமதிச் சீட்டைக் காட்ட முடியாமல் “அங்கே எல்லாரும் போகிறார்கள்” என்று சொன்னால், நீங்கள் தன்னார்வலராகச் சேர்வது அவர்களின் பொறுப்பின்மைக்குத் துணை போவதாகும்.

ஆகவே இந்த வாரமே ஒருங்கிணைப்பாளரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் மேசை எந்தக் கிலோமீட்டரில் இருக்கிறது? அதற்கு அருகே ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? குளிர்விக்க ஐஸ் எவ்வளவு, யார் பொறுப்பில்? கடைசி ஓட்டக்காரர் கடந்துவிட்டார் என்பதை எனக்கு யார் தெரிவிப்பார்? ஐஸ் பற்றிய கேள்விக்கு அவரிடம் பதில் இல்லையென்றால், பொங்கலுக்குப் பிறகு அவர்கள் நடத்தும் ஏதேனும் ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் நேரக் குறிப்பாளராகச் சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிடுங்கள்.