ஏழு மாதக் குழந்தை ஒரே கையை நாடுவது இடக்கைப் பழக்கமா?

கேள்வி: எங்கள் மகன் 34 வாரத்தில் பிறந்தவன். இப்போது ஏழு மாதம் ஆகிறது. எதைக் காட்டினாலும் இடது கையால்தான் எடுக்கிறான். வலது கை பெரும்பாலும் மூடியே இருக்கிறது. கட்டைவிரலும் உள்ளே மடங்கியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் இடக்கைக்காரன் என்கிறார்கள். மருத்துவரோ ஒரு வயது வரை பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். பெருமூளை வாதமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. காத்திருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. இடக்கையா வலக்கையா என்பது ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல்தான் மெல்லத் தெரியவரும். ஒரு வயதுக்குள் ஒரே கையை நாடினால், மற்ற கை பின்தங்குகிறது என்றே எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேட வேண்டும். இதை வைத்து மட்டும் பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு குறைபடும் 'செரிப்ரல் பால்சி') என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போட நியாயமே இல்லை.

முதலில் வயதுக் கணக்கு. ஆறு வாரம் முன்கூட்டிப் பிறந்ததால், வளர்ச்சியை எடைபோட அவனுக்கு வயது சுமார் ஐந்தரை மாதம். அந்தக் கணக்கிலும், நான்கு மாதம் தாண்டியபின் விழித்திருக்கும்போது கை மூடியே இருக்கக் கூடாது. தூங்கும்போதும் அழும்போதும் கை மூடுவது வேறு விஷயம்.

வீட்டிலேயே ஒருமுறை ஒழுங்காகப் பாருங்கள். பசியும் தூக்கமும் இல்லாத நேரத்தில், கைகள் வெளியே தெரியும் சட்டையில், முதுகுக்கு நல்ல முட்டுக் கொடுத்து மடியில் உட்கார வையுங்கள். தலை நேராக இருக்கட்டும். ஒருபக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீளக்கூடும், அது நம்மை ஏமாற்றும். விரல் பருமன் பிடியுள்ள லேசான கிலுகிலுப்பையை அவன் நெஞ்சுக்கு நேர் நடுவில் காட்டுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: எதிரே உட்கார்ந்து நம் வலது கையால் நீட்டினால், பொருள் குழந்தையின் இடது பக்கம்தான் போய் நிற்கும். அவன் இடது கையால் எடுப்பதில் அப்புறம் என்ன வியப்பு?

நடுவில் ஐந்தாறு முறை காட்டியபின், வலது தோளுக்கு நேராகக் காட்டுங்கள். அப்போதும் இடது கை உடம்பைக் குறுக்கே கடந்து வந்து எடுத்தால் அது முக்கியமான செய்தி. பிறகு இடது கையில் ஒரு பொம்மை இருக்கும்போதே வலப்பக்கம் இன்னொன்றைக் காட்டுங்கள். கடைசியாக, இரண்டு கையும் இல்லாமல் பிடிக்க முடியாத அளவுப் பந்து. வலது கை எட்டுகிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள்: பொருளைத் தொடுமுன்பே விரல்கள் விரிகின்றனவா, மணிக்கட்டு கீழே மடிந்து கிடக்கிறதா, கட்டைவிரல் வெளியே வருகிறதா, பிடித்ததை விட முடிகிறதா என்றும் கவனியுங்கள். போனை எதிரே அசையாமல் நிறுத்தி, இரு கையும் எப்போதும் தெரியும்படி பத்து நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரின் அறையில் குழந்தை அழுதுவிட்டால் அந்த வீடியோதான் பேசும்.

அதை எடுத்துக்கொண்டு குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ வளர்ச்சிநிலை மருத்துவரிடமோ போங்கள். 'ஹாமர்ஸ்மித்' சிசு நரம்பியல் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். 26 அம்சங்கள், மொத்த மதிப்பெண் 78. கருவி எதுவும் பெரிதாக வேண்டாம், சில நிமிடங்களில் முடியும். உடம்பின் ஒருபக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு மொத்த மதிப்பெண் ஓரளவு நன்றாகவே வரக்கூடும். அதனால் இடமும் வலமும் எத்தனை அம்சங்களில் வேறுபடுகின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். கைகளுக்கென்றே, 3 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கான 'ஹேண்ட் அசெஸ்மென்ட் ஃபார் இன்ஃபன்ட்ஸ்' என்ற மதிப்பீடும் உண்டு. பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குக் கை, உடம்பைப் பழக்கும் சிகிச்சையாளர்) குழந்தையின் விளையாட்டை வீடியோ எடுத்து, ஒவ்வொரு கைக்கும் தனியாகவும் இரு கைக்கும் சேர்த்தும் மதிப்பெண் போடுவார். சில மாதம் கழித்துத் திரும்பச் செய்தால் முன்னேற்றம் எண்ணாகவே தெரியும்.

மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைப்படலாம். உச்சிக்குழி வழியே எடுத்த அல்ட்ராசவுண்ட் சரியாக இருந்தது என்பதால் எம்.ஆர்.ஐ.யைக் கைவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ.யே இயல்பாக இருந்தும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் உண்டு. கை பிறந்ததிலிருந்தே துவண்டு தொங்கினால், பிரசவத்தில் தோள்பட்டை நரம்பு இழுபட்டிருக்கலாம். அதற்கான வைத்தியம் வேறு.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. பிறந்த புதிதில் மூளையின் இரு பாதியிலிருந்தும் ஒவ்வொரு கைக்கும் நரம்பு இணைப்புகள் போகின்றன. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் பயன்படுபவை வலுப்பெறும், பயன்படாதவை பின்வாங்கும். வலது கை சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். அதனால் 'பெருமூளை வாதத்துக்கு அதிக வாய்ப்பு' என்ற இடைக்கால முடிவிலேயே பயிற்சியைத் தொடங்கலாம். இறுதி முடிவு பிறகு வரட்டும். நன்றாக இயங்கும் கைக்கு மென்மையான உறை போட்டு, மற்ற கையை விளையாட வைப்பது ஒரு முறை. நாளுக்கு அரை மணி, வாரம் ஆறு நாள், ஆறு வாரம் என்ற அளவில் தெரபிஸ்ட் சொல்லிக் கொடுக்க, பெற்றோரே வீட்டில் செய்வார்கள். நாள் முழுக்கக் கையைக் கட்டிப் போடவே கூடாது. இரு கையும் சேரும் விளையாட்டும் கூடவே வேண்டும்.

வெறுமனே தடவி நீவிவிடுவது இதற்கு ஈடாகாது. குழந்தை தானே கையை நீட்ட வேண்டும். மூடிய கையைத் திறக்கக் கட்டைவிரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடித்தால் விரல்கள் தளரும். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து மெல்ல வெளியே கொண்டுவரலாம்.

பரிசோதனைகள் இயல்பு என்று வந்தாலும் ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் மறுபடி காட்டுங்கள். இதற்கிடையில், தூங்கி எழுந்ததும் தலையும் கைகளும் வெடுக்கென்று மடங்குவது வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தாலோ, கற்றதை மறந்தாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.